கணுவை வெட்டினால் போதுமா? நினைவகக் கசிவின் பழைய கதை

நினைவகக் கசிவு எண்டால் புதுசாக நிரல் எழுதுகிற ஆக்கள் விடுகிற பிழை எண்டுதான் பொதுவாகக் கதைக்கிறம். இணைப்புப் பட்டியலில் ஒரு கணுவை நீக்க, அதுக்கு முன்னால் இருக்கிற கணுவின் சுட்டியை அடுத்த கணுவுக்கு மாற்றிவிட்டால் பட்டியல் சரியாகிவிடும். ஆனால் வெட்டுப்பட்ட கணு பிடிச்சிருந்த இடம் நினைவகத்தில் அப்படியே கிடக்கும். அதன் முகவரியை வைத்திருந்த ஒரே சுட்டியும் போய்விட்டதால், திருப்பி எடுக்கவும் ஏலாது. இது வெறும் கவனயீனமா? வரலாற்றைப் பார்த்தால், இணைப்புப் பட்டியலோடு கூடப் பிறந்த கேள்வி இது: பாவிச்சு முடிஞ்ச இடத்தை ஆர் திருப்பிக் கொடுக்கிறது?

1950களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த அலன் நியூவெல், கிளிஃப் ஷா ஆகியோரும் ஹெர்பர்ட் சைமனும் தர்க்கத் தேற்றங்களை நிறுவும் நிரலொன்றை உருவாக்கினார்கள். எவ்வளவு இடம் தேவைப்படும் எண்டு முன்கூட்டியே சொல்ல முடியாத வேலை அது. அதற்காகவே கலங்களைச் சுட்டிகளால் கோர்க்கும் ஐபிஎல் மொழி வந்தது (கிரிக்கெட் ஐபிஎல் இல்லை!). வெறும் கலங்கள் தனிப் பட்டியலொன்றில் காத்திருக்கும். எடுத்ததைத் திருப்பி அதில் சேர்ப்பது நிரலரின் பொறுப்பு.

1960இல் இரண்டு மறுமொழிகள் வந்தன. லிஸ்ப் மொழியை உருவாக்கிய ஜோன் மெக்கார்த்தி, நிரலர் அழிக்கவே தேவையில்லை என்றார். வெறுங்கலங்கள் தீர்ந்ததும் எட்டக்கூடிய கலங்களை இயந்திரமே குறித்துக்கொண்டு மிச்சத்தை மீட்கும். ஏறத்தாழ 15,000 கலங்களோடு தொடங்கிய அந்த முறைமையில் இதுக்குச் சில விநாடிகள் எடுக்கும். அதுவரை நிரல் காத்திருக்க வேணும். ஜோர்ஜ் கொலின்ஸ், ஒரு கலத்தை எத்தனை சுட்டிகள் காட்டுது எண்டு எண்ணி, எண்ணிக்கை பூச்சியமானால் விடுவிக்கச் சொன்னார். ஆனால் இரண்டு கணுக்கள் ஒன்றையொன்று காட்டினால் எண்ணிக்கை பூச்சியமாகாது. அதனை 1963இல் மெக்பெத் சுட்டிக்காட்டினார்.

1970களில் பெல் ஆய்வுகூடத்தில் உருவான சி மொழி பொறுப்பைத் திரும்பவும் மனிதர் தலையில் வைத்தது. கேர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி நூலின் 1988 பதிப்பில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. பட்டியலை முழுதாக அழிக்கும்போது கணுவை விடுவித்த பிறகு அதுக்குள் இருக்கும் அடுத்த சுட்டியை வாசிக்கக் கூடாது. முதலில் அடுத்த முகவரியை வேறொரு மாறியில் எடுத்து வை, பிறகு விடுவி, பிறகு நகரு. கணுவுக்குள் தனியாக இடமெடுத்த சொல்லோ பெயரோ இருந்தால் அதைக் கணுவுக்கு முன்னமே விடுவிக்க வேணும். தலைக் கணுவை மட்டும் விடுவித்தால் மிச்சப் பட்டியல் முழுக்கக் கசிவுதான்.

1995இல் வந்த ஜாவா குப்பை சேகரிப்பைப் பரவலாக்கியது. 2015இல் முதல் நிலையான பதிப்பு வந்த ரஸ்ட், ஒவ்வொரு மதிப்புக்கும் ஓர் உரிமையாளரைக் கேட்டது. ஆனாலும் ஜாவாவில் தேவையில்லாத பொருளொன்றைப் பட்டியலில் மறந்து வைத்திருந்தால் இடம் வீணாகும். ரஸ்ட்டிலும் எண்ணிக்கைச் சுட்டிகளால் வளையம் கட்டினால் கொலின்ஸின் பழைய சிக்கல் திரும்ப வரும்.

ஆகவே எந்த மொழியில் எழுதினாலும், ஒரு கணுவை உருவாக்கும்போதே அதை ஆர், எப்போ விடுவிப்பது எண்டு தீர்மானித்துவிட்டு எழுதுவம். இயந்திரம் உதவும், உரிமையைத் தீர்மானிக்கிறது நாங்கள்தான்.