உங்கள் பையை நான் சோதித்த கதை

பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள்: “ஆராய்ச்சி லேபை விட்டுப் போகும்போது எங்க பையை ஏன் சார் பாத்தீங்க? திருடங்கன்னு நினைச்சீங்களா?” அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் லேபில் சயனைடுக்கு மட்டும்தான் பூட்டும் கணக்கும். ஆசிட் புட்டிகள் திறந்த அலமாரியில் நிற்கும். கழிவறை கழுவக் கடையில் கிடைக்கும் பொருள்தானே!

2005-இல் டெல்லியில் லட்சுமி என்ற சிறுமி மீது ஆசிட் வீசினார்கள். மறு வருடமே அவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே, 2012 நவம்பரில், காரைக்காலில் ஒரு இளம் பொறியாளர் மீது ஆசிட் வீச்சு. மூன்று மாதம் போராடி இறந்தார். 2013 ஜூலை 18-இல் உத்தரவு வந்தது. கடைக்காரர் அடையாள அட்டை பார்க்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்பதெல்லாம் செய்தியில் படித்திருப்பீர்கள். ஆய்வகங்களுக்கும் அதில் பங்கு உண்டு: பயன்பாட்டுப் பதிவேடு, அதைக் கோட்டாட்சியரிடம் தாக்கல் செய்வது, ஒரு பொறுப்பாளர், வெளியேறும் மாணவர்களையும் ஊழியர்களையும் கட்டாயமாகச் சோதிப்பது.

எங்கள் துறையில் பொறுப்பாளர் நான். முதல் நாள் எண்ணிப் பார்த்தேன். இரண்டரை லிட்டர் கந்தக அமிலப் புட்டி ஒன்று குறைந்தது. உடைந்ததா, தீர்ந்ததா, யாராவது கொண்டுபோனார்களா? யாருக்கும் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க பேப்பரைப் பிரிக்கவே பயந்தேன் அம்மா.

என் பையையும் உதவியாளர் தினமும் திறந்து பார்த்தார். நீ கவனித்திருக்க மாட்டாய்.