1981 திருப்புமுனையா? டிஃபென்ஸிவ் எண்டு மதிப்பீட்டின் வரலாறு பற்றி ஒரு மறுப்பு

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக்கைத் துரத்தி வீழ்த்தும் ஆட்டக்காரருக்கு மதிப்பு ஏறியது எப்போது என்ற கேள்விக்கு, மைக்கேல் லூயிஸ் 2006-இல் வெளியிட்ட 'தி பிளைண்ட் சைட்' நூலின் விடையே இன்று பொதுக்கருத்தாக நிலைத்துவிட்டது. 1985 நவம்பர் 18 இரவு லாரன்ஸ் டெய்லரின் தாக்குதலில் வாஷிங்டன் அணியின் ஜோ தைஸ்மன் கால் முறிந்து விழுந்த சில நொடிகளை வைத்தே லூயிஸ் நூலைத் தொடங்குகிறார். 1981-இல் டெய்லர் நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு வந்தார். அவரைப் போன்றோரைத் தடுத்து குவார்ட்டர்பேக்கைக் காக்கும் இடது டேக்கிளின் சம்பளம் உயர்ந்தது. ஆட்டத்தின் பொருளாதாரமே மாறியது என்பது அவர் வாதத்தின் போக்கு. பயிற்சியாளர் பில் வால்ஷின் பாஸ் முறைக்கும் அவர் உரிய இடம் தருகிறார் என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் காரணங்கள் பலவாக இருந்தும் கதை ஒரு மனிதரிடமே போய் நிற்கிறது. கல்லூரி டிஃபென்ஸிவ் எண்டுகளைத் தொழில்முறை அணிகள் பெரும்பொருளாக எண்ணத் தொடங்கியது டெய்லருக்குப் பிறகுதான் என்ற துணைமுடிபும் அதிலிருந்தே கிளைத்தது. இக்கட்டுரை மறுப்பது முக்கியமாக அந்தத் துணைமுடிபை.

கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் பட்டியலே முதல் சாட்சி. 1967-இல் முதல் தேர்வு மிச்சிகன் ஸ்டேட்டின் பப்பா ஸ்மித். பிறகு 1972-இல் நோட்டர்டேமின் வால்ட் படுல்ஸ்கி, 1973-இல் ஜான் மட்டுசாக், 1974-இல் டென்னஸி ஸ்டேட்டின் எட் 'டூ டால்' ஜோன்ஸ், 1976-இல் ஒக்லஹோமாவின் லீ ராய் செல்மன். ஐந்து டிராஃப்டுகளில் நான்கின் முதல் பெயர் டிஃபென்ஸிவ் எண்டு! டெய்லர் அப்போது கல்லூரிக்குக்கூட வந்திருக்கவில்லை. இவர்களை வாங்கியது ஓட்டத்தை மறிக்கத்தான், பாஸைக் கெடுக்க அல்ல என்று எதிர்வாதம் வரலாம். அதில் உண்மை இல்லாமலில்லை. அந்தக் காலத்து அணிகள் உயரத்தையும் எடையையும் பார்த்தே பணம் போட்டன. ஆயினும் 1961-இல் பதினான்காம் சுற்றில் எடுக்கப்பட்ட டீக்கன் ஜோன்ஸ், அறுபதுகள் முடிவதற்குள் நாடறிந்த நட்சத்திரமாகிவிட்டார். அவர் புகழ் முழுவதும் குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியதால் வந்தது. அதைக் கண்ணால் பார்த்த அணிகள் அடுத்த பத்தாண்டில் எண்டுகளை முதலிடத்தில் எடுத்தபோது பாஸைப் பற்றி நினைக்கவே இல்லை என்று கொள்வது கடினம்.

அதைவிட வலுவான சான்று ஒரு பாடபேதத்தில் கிடைக்கிறது. குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவதை எண்ணும் 'சாக்' என்ற கணக்கைத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் அதிகாரபூர்வமாக ஏற்றது 1982-இல்தான். அந்த ஏட்டின்படி மைக்கேல் ஸ்ட்ரஹான் 2001-இல் எடுத்த 22.5 நெடுங்காலம் பெரும்சாதனையாக இருந்தது. ஆனால் ஜான் டர்னி, நிக் வெப்ஸ்டர் ஆகிய ஆய்வாளர்கள் பழைய ஆட்டக்குறிப்புகளைப் புரட்டித் தொகுத்து, 2021-இல் புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் வெளியான 1960-81 காலக் கணக்கில் வேறொரு பெயர் முன்னே நிற்கிறது: டெட்ராய்ட் லயன்ஸின் அல் 'பப்பா' பேக்கர், 1978, 23 சாக். அது அவருக்கு முதல் ஆண்டு. கொலராடோ ஸ்டேட்டிலிருந்து வந்தவர்; இரண்டாம் சுற்றில், 40-ஆவது பெயராக எடுக்கப்பட்டவர். டெய்லர் வருவதற்கு மூன்றாண்டு முன்பே இப்படி ஒரு பருவம் நடந்திருக்க, அது ஏட்டில் ஏறாததால் வரலாற்றிலும் ஏறாமல் போயிற்று. வேடிக்கை என்னவென்றால் டெய்லரின் முதல் ஆண்டு 9.5 சாக்கும் இதே விதியால் அதிகாரபூர்வ ஏட்டுக்கு வெளியேதான் இருக்கிறது.

பேக்கரின் எண்ணை அப்படியே ஏற்கத் தயங்குவோர் உண்டு. 1982-க்கு முன் பொதுவான கணக்குமுறை இல்லை. ஒரு சாக்கை இருவர் பங்கிட்டால் யாருக்கு எவ்வளவு என்பதில் குறிப்பெழுதியவரின் கை இருக்கும். 1978-இல் பருவம் 14 ஆட்டத்திலிருந்து 16 ஆகவும் நீண்டது. இவற்றைக் கழித்து எண்ணை ஒன்றிரண்டு குறைத்துக்கொண்டாலும் என் வாதம் குலையாது. சாதனை யாருடையது என்பதல்ல, ஆண்டு எது என்பதே இங்குக் கேள்வி. 1977-இல் எண்டுகளின் பழைய ஆயுதமான தலையறை தடை செய்யப்பட்டது. 1978-இல் தடுப்பாட்டக்காரர்கள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தள்ளலாம் என்று விதி தளர்ந்தது. பந்தைப் பிடிப்பவரை ஐந்து கெஜத்துக்கு அப்பால் இடிப்பதும் நின்றது. பாஸ் பெருகியது, தடுப்பவரின் கையும் நீண்டது. அறையவும் வழியில்லாத எண்டுக்கு, அந்தக் கைக்குள் சிக்காமல் எட்டித் தொடும் நீளமும் முதலடியின் வேகமும்தான் மிச்சம். இன்று ஸ்கவுட்டுகள் எண்டுகளின் கைநீளத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குவரை அளப்பதன் வேர் இந்த விதியில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. அதை நேரடி ஆவணம் கொண்டு நிறுவ இயலாது. திருப்புமுனையின் ஆண்டையும் 1978 என்று அறுதியிட முடியாது, எழுபதுகளின் கடைசி என்று சொல்லலாம். டெய்லர் இந்தப் புது ஆட்டத்தின் ஆகச்சிறந்த பயனாளி. அதை உண்டாக்கியவர் அல்லர்.

ஏட்டில் ஏறாததை மறக்கும் பழக்கம் கல்லூரிப் பக்கத்தில் இன்னும் மோசம். என்சிஏஏ தடுப்பாட்டப் புள்ளிவிவரங்களை அதிகாரபூர்வமாகச் சேர்க்கத் தொடங்கியதே 2000-இல். 1995-இல் பாஸ்டன் காலேஜின் மைக் மமூலாவை எடுக்க ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 12-ஆம் இடத்திலிருந்து 7-க்குத் தாவியது. விட்டுக்கொடுத்த 12-இல் டாம்பா பே எடுத்தது வாரன் சாப்பை. டிராஃப்டுக்கு முன் நடக்கும் உடற்திறன் சோதனையான இண்டியானாபொலிஸ் கம்பைனில் ஓடியும் குதித்தும் விலையேற்றிக்கொண்டவர் என்றே மமூலாவை இன்றும் எழுதுகிறார்கள். அதற்கு முந்தைய டிசம்பரில் அலோஹா பௌல் ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராக அவர் தேர்வானதை எழுதுவோர் குறைவு. ஓட்டத்தின் நொடிக்கணக்கு ஏட்டில் இருக்கிறது, கல்லூரிச் சாக்குகளுக்கு ஒப்பிடத்தக்க ஏடு இல்லை. 2002-இல் 24 சாக் எடுத்த டெரல் சக்ஸ், நொடிக்கணக்கில் பின்தங்கியும் 10-ஆம் இடத்தில் பால்டிமோருக்குப் போய் 139 சாக்குடன் ஓய்வு பெற்றார். அவருக்கு ஏடு துணை நின்றது.

ஏடு மட்டும் போதும் என்பதும் என் கட்சியல்ல. 2022-இல் ஜாக்சன்வில், மிச்சிகனில் ஒரே பருவத்தில் 14 சாக் எடுத்த ஏய்டன் ஹட்சின்சனை விட்டு, ஜார்ஜியாவில் மூன்று பருவத்தில் 9.5 மட்டுமே எடுத்திருந்த டிராவன் வாக்கரை முதலில் எடுத்தது. வாக்கரின் கை 35½ அங்குலம், ஹட்சின்சனுடையது 32-க்குச் சற்றே மேல். 2023-இல் வாக்கர் 10, ஹட்சின்சன் 11.5, தேர்வு முட்டாள்தனம் என்று சொல்ல அந்த இடைவெளி போதாது, சரி என்று சொல்லவும் போதாது.

டர்னியும் வெப்ஸ்டரும் என்எஃப்எல்லுக்குச் செய்ததை 2000-க்கு முந்தைய கல்லூரி ஆட்டங்களுக்கும் யாராவது செய்ய முன்வர வேண்டும். குறிப்புகள் பல்கலைக்கழக அலுவலகங்களில் தாள்களாகத்தான் கிடக்கும், அவை பொடியாவதற்குள் தொடங்கினால் நல்லது. அதுவரை மமூலா மீதான தீர்ப்பை நிறுத்திவைப்பதே முறை.