புயல் கூண்டும் வடசென்னைக் கடற்கரையும்

புயல் எச்சரிக்கைக் கூண்டு என்பது, கடலில் உருவாகியிருக்கும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அல்லது புயலைப் பற்றிக் கப்பல்களுக்கு அறிவிப்பதற்காகத் துறைமுகக் கொடிமரத்தில் ஏற்றப்படும் அடையாளமாகும். பகலில் உருளை, கூம்பு ஆகிய வடிவங்களும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் இதற்குப் பயன்பட்டு வந்தன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் 'சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்ற செய்தியைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. பள்ளிக்கு விடுமுறை உண்டா என்பதைத்தான் பெரும்பாலோர் அதிலிருந்து அறிய விரும்புகிறார்கள். ஆனால் கூண்டு ஏறிய அந்த நேரத்திலேயே, புயல் இன்னும் பல நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போதே, துறைமுகத்திலும் மீனவர் குப்பங்களிலும் தீவுகளிலும் அன்றாட வாழ்க்கை தடைப்படத் தொடங்கிவிடுகிறது.

இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, டோல்கேட், திருவொற்றியூர், எண்ணூர் என வடக்கு நோக்கி நீளும் கடற்கரை இதனை நன்கு அறிந்த பகுதி. டோல்கேட் என்பது பழைய சென்னை நகரின் வடக்கு எல்லையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சுங்கம் வசூலித்த வாயிலால் அமைந்த பெயர். 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்ட விம்கோ நகர் வரையிலான மெட்ரோ பாதையில் அதே பெயரில் ஒரு நிலையமும் உள்ளது. அங்கிருந்து கிழக்கே சிறிது தொலைவு நடந்தால் கடல் வந்துவிடும். ஆனால் பெரும்பாலும் மணற்கரை இருக்காது; கருங்கற்கள் குவிந்த சுவர்தான் இருக்கும். அந்தச் சுவர் ஏன் வந்தது என்பதும் புயலோடு தொடர்புடைய கதையே.

துறைமுகம் இல்லாத துறைமுக நகரம்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கப்பல்கள் திறந்த கடலில், கரையிலிருந்து விலகி நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் அலைகளைக் கடந்து கரை சேர மசூலாப் படகுகள் உதவின. ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை மோதினால் நெகிழ்ந்து கொடுக்குமே தவிர உடையாது. மசூலாவும் போக முடியாத நாளில் கட்டுமரக்காரர்கள் கூம்பு வடிவத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் வைத்துக்கொண்டு கப்பலுக்கும் கரைக்கும் இடையே சென்று வந்தனர். இந்தப் படகுக்காரச் சமூகத்தார் குடியேறிய ஊரே இராயபுரம். இராயப்பர் என்னும் புனித பேதுருவின் பெயரால் அமைந்தது அது.

வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்த நங்கூரத் துறை மிகவும் ஆபத்தானது. அதனால் அக்டோபர் நடுவில் புனித ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தை இறக்கிவிட்டு, டிசம்பர் நடுவில் மீண்டும் ஏற்றும் வழக்கம் இருந்தது. அந்த இரண்டு மாதங்கள் கப்பல்கள் அங்கே நிற்கக் கூடாது என்பதே அதன் பொருள். இன்றைய கூண்டுக்கு முன்னோடி என்று இதைச் சொல்லலாம். கூண்டு சில நாள் எச்சரிக்கை. கொடிமரம் ஒரு பருவத்துக்கே எச்சரிக்கை.

அந்த நங்கூரத் துறையில் நின்ற கப்பல்களின் கதி 1746-இல் தெரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். கைப்பற்றிய பொருள்களைக் கப்பல்களில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, அக்டோபர் 13 இரவு புயல் அடித்தது. பல கப்பல்கள் மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடற்படை சிதைந்த நிலையில் லா பூர்தொனே வெளியேற, நகரம் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேயின் கைக்குச் சென்றது. ஆங்கிலேயர் அதை மீண்டும் பெற்றது 1749-இல்தான்.

எண்களின் பொருள்

'சைக்ளோன்' என்ற சொல்லை உருவாக்கியவர் கல்கத்தாவில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன். சுருண்ட பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை அமைத்து, 1848-இல் மாலுமிகளுக்காக எழுதிய கையேட்டில் பயன்படுத்தினார். 1864-ஆம் ஆண்டு கல்கத்தாவைப் பேரழிவுக்கு உள்ளாக்கிய புயலுக்குப் பின்னர் துறைமுக எச்சரிக்கை முறை அங்கே முதலில் தொடங்கியது. 1872 மே மாதத்தில் சென்னையைத் தாக்கிய புயல் நங்கூரத்தில் நின்ற கப்பல்கள் பலவற்றைக் கரையில் மோதி உடைத்தது. 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது. எல்லாத் துறைமுகங்களுக்கும் பொதுவான கூண்டு முறை 1898-இல் நடைமுறைக்கு வந்தது.

கூண்டு எண்கள் 1 முதல் 11 வரை உள்ளன. 1, 2 ஆகியவை தொலைதூர எச்சரிக்கைகள். துறைமுகத்துக்கு இன்னும் ஆபத்தில்லை, வெளியே போகும் கப்பல் கவனமாக இருக்க வேண்டும் என்று பொருள். 3, 4 ஏறினால் துறைமுகமே மோசமான வானிலையை எதிர்கொள்ளப் போகிறது. 5, 6, 7 அபாயக் கூண்டுகள். 8, 9, 10 பேரபாயக் கூண்டுகள். வானிலை மையத்தோடு தொடர்பே அற்றுப்போனால் 11.

இங்கே ஒரு தவறான புரிதல் உண்டு. 8-ஐ விட 10 கடுமையானது என்று செய்தி வாசிப்பவர்கள்கூடக் கருதுகிறார்கள். உண்மையில் 8, 9, 10 மூன்றும் ஒரே அளவு அபாயத்தைக் குறிப்பவை. வேறுபடுவது திசை மட்டுமே. புயலின் பாதைக்கு இடப்புறம் துறைமுகம் அமைந்தால் 8, வலப்புறம் அமைந்தால் 9, துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ புயல் கடந்தால் 10. மேற்கு நோக்கி வரும் புயல் சென்னைக்கு வடக்கே கரை கடந்தால் 5 அல்லது 8. தெற்கே கடந்தால் 6 அல்லது 9. வங்கக் கடல் புயல் இடஞ்சுழியாகச் சுழல்வதால், வடக்கே கடக்கும்போது சென்னையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும்; தெற்கே கடந்தால் கடலைக் கரைமீது தள்ளும். குப்பத்தில் வாழ்பவருக்கு இந்த வேறுபாடு வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது.

கப்பலை வெளியேற்றும் துறைமுகம்

நங்கூரத் துறையின் ஆபத்திலிருந்து விடுபடவே செயற்கைத் துறைமுகம் கட்டப்பட்டது. வில்லியம் பார்க்ஸ் வடிவமைத்த இரு அலைதடுப்புக் கரங்களுக்கு 1875 டிசம்பர் 15 அன்று வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12-இல் வந்த புயல் அரை மைலுக்கும் மேற்பட்ட நீளத்தைச் சிதைத்துவிட்டது. மீண்டும் கட்டி முடிக்க 1890-களின் நடுப்பகுதி ஆயிற்று. அப்போதும் கிழக்கு நோக்கிய நுழைவாயில் மணலாலும் அலைகளாலும் தொல்லை தந்தது. 1904-இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் வாயில் வடகிழக்கு மூலைக்கு மாற்றப்பட்டது.

இவ்வளவு செய்தும், புயல் நெருங்கும்போது கப்பல்கள் துறைமுகத்துக்குள் தங்குவதில்லை. அபாயக் கூண்டு ஏறும் நிலை வந்தால், அவற்றை ஆழ்கடலுக்குச் செல்லும்படி துறைமுக அதிகாரிகள் பணிக்கிறார்கள். புதிதாகக் கேட்பவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். புயலின்போது துறைமுகத் தொட்டிக்குள் நீர் ஏறி இறங்கி ஊசலாடும். கட்டியிருக்கும் வடங்கள் அறுந்து கப்பல் துறைச் சுவரில் மோதும்; அல்லது ஒன்றோடொன்று மோதும். ஆழ்கடலில் இயந்திரத்தை இயக்கிக்கொண்டு காற்றை எதிர்த்து நிற்க இடமுண்டு. புயலின் பாதையிலிருந்து விலகவும் முடியும். கப்பலுக்குக் கடலைவிடக் கரையே பெரிய எதிரி என்பது மாலுமிகளின் பழைய பாடம்.

அந்தப் பாடம் இருமுறை சென்னை மக்களின் கண் முன்னே நடந்தது. 1966 நவம்பர் புயலில் ஒரு வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் மெரினா அருகே தரைதட்டியது. 2012 அக்டோபர் 31 அன்று 'நிலம்' புயலின்போது, வெளி நங்கூரப் பகுதியில் நின்ற 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பல் இழுக்கப்பட்டுப் பெசன்ட் நகர் கடற்கரையில் ஏறியது. உயிர்காப்புப் படகில் இறங்கியபோது அது கவிழ்ந்து ஊழியர் சிலர் இறந்தனர். தத்தளித்தவர்கள் பலரைக் காப்பாற்றியவர்கள் உள்ளூர் மீனவர்கள்.

பயணிக் கப்பலும் தீவும்

பயணிக் கப்பல் வரலாறும் சென்னைத் துறைமுகத்துக்கு நெடியது. நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற 'ரஜூலா', பின்னர் 'எம். வி. சிதம்பரம்' ஆகியவை பல தலைமுறைத் தமிழரை ஏற்றிச் சென்றன. 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் பயணமும் தொடங்கியது. புயல் வந்தால் சொகுசுக் கப்பல் வழியை மாற்றிக்கொள்ளும். பயணம் நின்றால் பயணிக்கு ஒரு விடுமுறை வீண். அந்தமான் கப்பலின் நிலை வேறு. சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்குச் செல்ல ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். விமானக் கட்டணம் கட்டாத தொழிலாளரும் சிறு வணிகரும் அதையே நம்பியிருக்கிறார்கள். தீவின் கடைகளுக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பகுதி கடல் வழியேதான் போகிறது. கப்பல் தாமதித்தால் அங்கே காய்கறி விலை ஏறும்.

2016 டிசம்பரில் ஒரே புயல் இந்தக் கடல்வழியின் இரு முனைகளையும் தாக்கியது. மாதத் தொடக்கத்தில் அந்தமான் அருகே வலுப்பெற்ற தாழ்வு மண்டலத்தால் தீவுகளுக்கிடையேயான படகுகள் நின்றன. ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டனர். மீட்கச் சென்ற கடற்படைக் கப்பல்களும் கடல் சற்றுத் தணியும்வரை துறைக்கு வெளியே காத்திருக்க நேர்ந்தது. பயணிகள் மீட்கப்பட்டுப் போர்ட் பிளேயர் சேர்ந்தனர். தீவுவாசிகளுக்கு அப்படி மீண்டு போக வேறோர் ஊர் இல்லை. அவர்களைப் பற்றிச் செய்திகளில் அதிகம் வரவுமில்லை. அந்தத் தாழ்வு மண்டலமே 'வர்தா' என்று பெயர் பெற்று மேற்கு நோக்கி நகர்ந்து, டிசம்பர் 12 பிற்பகல் சென்னைத் துறைமுகத்துக்கு அருகே கரை கடந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. காசிமேட்டில் நெருக்கமாகக் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன.

தீவுப் போக்குவரத்தைப் புயல் நிரந்தரமாகவே மாற்றிய நிகழ்வும் தமிழகத்தில் உண்டு. 1914 முதல் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று இயங்கியது 'போட் மெயில்'. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் பாம்பனிலிருந்து வந்த இரயிலை அதிலிருந்தவர்களோடு கடலில் அமிழ்த்தியது, ஊரும் அழிந்தது. பாம்பன் பாலம் சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடித் துறைக்கு உயிர் திரும்பவில்லை. பிற்காலக் கப்பல் இராமேசுவரத்திலிருந்தே சென்றது.

கல்லடுக்குக் கரை

வடசென்னைக்குத் திரும்பினால், கூண்டு ஏறியதும் இரண்டு எதிரெதிர் நகர்வுகளைக் காணலாம். பெரிய கப்பல்கள் வெளியே போகின்றன. சிறிய படகுகள் உள்ளே வருகின்றன. மீன்வளத் துறை கடலுக்குச் செல்லத் தடை விதிக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு ஏற்கெனவே உண்டு. மழைக்காலத்தில் வரும் ஒவ்வொரு தாழ்வு மண்டலமும் மேலும் சில நாள் வருமானத்தை எடுத்துக்கொள்கிறது. புயல் திசை மாறி ஆந்திராவுக்கோ ஒடிசாவுக்கோ போய்விட்டால் நகரம் நிம்மதி அடைகிறது. ஆனால் தொழில் நின்ற நாள்களுக்குரிய நட்டம் மீனவர் வீட்டில் அப்படியே நிற்கிறது.

படகைப் பத்திரப்படுத்துவது அடுத்த சிக்கல். மணற்கரை இருந்தால் நாலு பேர் சேர்ந்து படகை மேட்டுக்கு இழுத்துவிடலாம். டோல்கேட் பக்கத்துக் குப்பங்களுக்கு அந்த வசதி குறைவு. இக்கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்தின் கரங்கள் அதைத் தடுத்தன. தெற்கே தேங்கிய மணலால் மெரினா அகன்றது. வடக்கே மணல் வராததால் இராயபுரம் முதல் கரை அரிக்கப்பட்டது. தெருக்களும் வீடுகளும் கடலுக்குள் போயின. அரிப்பைத் தடுக்கக் கற்சுவரும், பின்னர் 'தூண்டில் வளைவு' எனப்படும் கல் தடுப்புகளும் வந்தன. சுவர் சாலையைக் காத்தது உண்மை. மணலை அது மீட்டுத் தரவில்லை. நகரம் உலாவ ஒரு கடற்கரை கிடைத்ததற்கான விலையை வடக்குக் குப்பங்கள் கொடுத்தன என்று சொன்னால் மிகையாகாது. ஆகவே புயல் எச்சரிக்கை வந்தால் படகுகளைத் தூண்டில் வளைவுகளின் இடையிலோ காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலோ கொண்டுபோய்க் கட்ட வேண்டியிருக்கிறது. அங்கே இடநெருக்கடி. வர்தாவில் படகுகள் மோதி உடைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எண்ணூருக்கு வடக்கே, கடலுக்கும் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்துக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே காட்டுப்பள்ளி என்ற மணல் திட்டு இருக்கிறது. நகர மக்கள் பலருக்குச் சென்னை அருகே தீவு இருப்பதே தெரியாது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் செயல்படத் தொடங்கியது; பின்னர் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் எழுந்தது. இராயபுரத்தில் நடந்த மணல் கணக்கு இங்கே மீண்டும் தொடங்கியது.

2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் சென்னைக்குக் கிழக்கே கடலிலேயே வடக்கு நோக்கி நகர்ந்து, டிசம்பர் 5 அன்று ஆந்திராவின் பாபட்லா அருகே கரை கடந்தது. கூண்டின் கணக்கில் சென்னை அதன் இடப்புறம் இருந்தது. கடல் ஊருக்குள் வரவில்லை; மழைதான் வெள்ளமாக வந்தது. அந்த வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து கச்சா எண்ணெய்க் கசிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்தது. கூண்டு இறக்கப்பட்டுக் கப்பல்கள் துறைமுகத்துக்குத் திரும்பிய பின்னும் கழிமுகத்து மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியவில்லை. வலைகளிலும் படகுகளின் விளிம்பிலும் அலையாத்தி மரங்களின் வேர்களிலும் எண்ணெய் ஒட்டியிருந்தது. வாளியாலும் முகத்தலளவைக் குவளைகளாலும் அதை முகந்து பீப்பாய்களில் நிரப்பும் வேலையில் அந்த மீனவர்களே இறங்கினர்.