எதிர்க்காற்றும் பின்சக்கரமும்

கடலூர் பழைய நகரத்திலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியில், உப்பனாற்றை ஒட்டி இருக்கிறது குடிகாடு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்தச் சாலையில் கடலூர் நோக்கி சைக்கிள் மிதிப்பவர்களுக்குக் காற்று எதிரிலும் வலப்பக்கத்திலுமாக வந்து மோதும். ஒரு காலை நேரத்தில் அரசுப் பள்ளிச் சீருடையில் நான்கு பெண்கள் அப்படி மிதித்துச் செல்வதைப் பார்த்தேன். உயரமான பெண் முன்னால் சென்றாள். மற்ற மூவரும் அவளுக்குப் பின்னால், சற்று இடப்பக்கமாக ஒதுங்கி, ஒருவர் பின் ஒருவராகச் சாய்கோடு போட்டதுபோல் வந்தார்கள். கொஞ்ச தூரத்தில் முன்னால் சென்றவள் வேகத்தைக் குறைத்துக் கடைசிக்குப் போனாள். இரண்டாவதாக வந்தவள் முன்னே வந்தாள். யாரும் யாரிடமும் ஏதும் சொல்லிக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஐரோப்பாவின் தொழில்முறைப் பந்தய வீராங்கனைகள் பக்கக்காற்று வீசும் சாலையில் செய்வதும் இதைத்தான். அவர்கள் அதை அணித் தந்திரம் என்பார்கள். குடிகாட்டுப் பெண்கள் அதற்குப் பெயர் எதுவும் வைத்திருக்க மாட்டார்கள்.

சைக்கிள் பந்தயங்களில் 'கிரிட்டீரியம்' என்று ஒரு வகை உண்டு. ஊர் விட்டு ஊர் போகும் நெடும் பந்தயம் அல்ல அது. ஓர் ஊரின் நடுவே சில தெருக்களை அடைத்து, சில கிலோமீட்டருக்கு மேற்படாத சுற்று ஒன்றை அமைத்து, அதையே பல முறை சுற்றி வருவது. நம் ஊர்த் தேர் நான்கு மாட வீதிகளைச் சுற்றி வருவதை நினைத்துக்கொள்ளலாம், வேகம் மட்டும் மணிக்கு நாற்பது கிலோமீட்டர். தெருமுனைத் திருப்பங்கள்தான் இதன் உயிர். கூட்டத்தின் கடைசியில் இருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் குறைத்து மீண்டும் எட்டிப் பிடிக்க வேண்டும். முன்வரிசையில் இருப்பவருக்கு அந்தத் தண்டனை இல்லை. கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும்போது யார் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்துவிடும்.

இங்கேதான் அணி வருகிறது. ஓர் அணியில் ஆறு பேர் என்றால் வெற்றிக்கோட்டில் பாய்ந்து ஓட்டும் திறன் ஒருத்திக்கு இருக்கும். மற்ற ஐவரின் வேலை அவளை அந்தக் கடைசி இருநூறு மீட்டர் வரை களைப்பில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஒருத்தி இடையில் பிய்த்துக்கொண்டு ஓடுவாள். எதிரணிகள் துரத்தியே தீர வேண்டும். அவர்கள் தம் பலத்தைச் செலவழித்துப் பிடித்ததும், இன்னொருத்தி அதே கணத்தில் பாய்வாள். ஓடிப்போனவள் தம் அணியைச் சேர்ந்தவள் என்றால், பின்னால் இருப்பவர்கள் துரத்தலில் பங்கெடுக்காமல் சும்மா வந்துகொண்டிருப்பார்கள். சும்மா இருப்பதும் ஒரு வேலைதான். கடைசிச் சுற்றில் வரிசையாக முன்னே வந்து, ஒருத்தி தன்னால் முடிந்த மட்டும் இழுத்துவிட்டு விலக, அடுத்தவள் இழுப்பாள். அப்படி விலகியவர்கள் பெயர் முடிவுப் பட்டியலில் முப்பதாவதாகவோ நாற்பதாவதாகவோ வரும்.

இத்தனைக்கும் அடிப்படை காற்று. சமதளத்தில் வேகமாக ஓட்டும்போது பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே செலவாகிறது. ஒருவர் பின்னால் நெருங்கி ஓட்டினால் கணிசமான பலம் மிச்சமாகும். 2018-இல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெர்ட் ப்ளொக்கன் 121 பேர் கொண்ட கூட்டத்தை ஆராய்ந்தார். கூட்டத்தின் நடுப்பகுதியிலும் பின்பகுதியிலும் இருப்பவர் மேல், தனியாக ஓட்டுபவர் சந்திக்கும் காற்றுத் தடையில் 5 முதல் 10 சதவீதம்தான் விழுகிறது என்று கண்டார். ஒருவர் பின்னால் வருவதால் முன்னால் போகிறவருக்கும் இரண்டு மூன்று சதவீதம் தடை குறைகிறது என்பதும் இத்தகைய ஆய்வுகளில் தெரியவந்தது.

பெண்களின் சைக்கிள் பந்தய வரலாற்றைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. 1868-இல் பிரான்சின் போர்தோ நகரிலேயே பெண்கள் பந்தயம் ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் அதற்கடுத்த நூறாண்டுக் கதைகளில் நாம் சந்திப்பதெல்லாம் தனி நாயகிகளையே. அவர்கள் தனிமையை விரும்பினார்கள் என்பதல்ல காரணம். அவர்களுக்கு அணி கிடைக்கவில்லை.

இத்தாலியின் அல்ஃபோன்சினா ஸ்த்ராதா 1924-இல் ஆண்களின் ஜிரோ தி இத்தாலியா பந்தயத்தில் ஓட்டினார். அவருக்கு இடம் கிடைத்ததற்கே ஒரு விசித்திரமான காரணம் உண்டு. பணத் தகராறில் பெரிய அணிகள் அந்த ஆண்டு ஒதுங்கிக்கொண்டன. ஆள் சேர்க்க வேண்டிய அமைப்பாளர்கள் தனிநபர்களை ஏற்றுக்கொண்டார்கள். அணிகள் இல்லாத இடைவெளியில்தான் ஒரு பெண் உள்ளே நுழைய முடிந்தது. வழியில் அவருடைய ஹேண்டில்பார் உடைந்து, துடைப்பக் கட்டையை வைத்துக் கட்டி ஓட்டினார். அன்று கால வரம்பைத் தாண்டியதால் தரவரிசையிலிருந்து நீக்கப்பட்டார். ஆயினும் தொடர்ந்து ஓட்டி மிலான் நகரம் வந்து சேர்ந்தார்.

1958-இல்தான் பெண்களுக்கான உலகச் சாலைப் பந்தயம் முதன்முறையாக ரான்ஸ் நகரில் நடந்தது. லக்சம்பர்க்கின் எல்ஸி ஜேக்கப்ஸ் கூட்டத்தை விட்டுத் தனியே பிரிந்து ஓடி வென்றார். இங்கிலாந்தின் பெரில் பர்ட்டன் 1967-இல் 12 மணி நேரத்தில் 277.25 மைல் ஓட்டி, அப்போதைய ஆண்கள் சாதனையையும் மிஞ்சினார். அது ஒவ்வொருவரும் தனித்தனியே கடிகாரத்துக்கு எதிராக ஓட்டும் பந்தயம். ருபார்ப் தோட்டத்தில் கூலி வேலை செய்துகொண்டு ஓட்டியவர் அவர். மகத்தான தனிமை அது. ஆனால் வேறு வழியில்லாத தனிமையும்கூட.

நவீன ஒலிம்பிக்கில் ஆண்கள் 1896-இலிருந்து சைக்கிள் ஓட்டினார்கள். பெண்களுக்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கின் அந்த முதல் பந்தயத்தில் கடைசி மீட்டர்களில் மோதிக்கொண்டவர்கள் இருவருமே அமெரிக்கர்கள்: கானி கார்ப்பென்டர், ரெபெக்கா ட்விக். கோட்டருகே கார்ப்பென்டர் கைகளை நீட்டிச் சைக்கிளை முன்னுக்குத் தள்ளினார். அரைச் சக்கர இடைவெளியில் தங்கம் அவருக்கு. கொலராடோவில் நடந்த கூர்ஸ் கிளாசிக் போன்ற தொடர்களில், தெருச்சுற்றுப் பந்தயங்களின் நெரிசலில் வளர்ந்த தலைமுறை அது. பெண்களுக்கு ஓரளவு முறையான தொழில்முறை அமைப்பு வர இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. உலகச் சுற்று 2016-இல் வந்தது. உயர்நிலை அணிகளில் குறைந்தபட்ச ஊதியம் 2020-இல் வந்தது. பிறருக்காகக் காற்றைத் தாங்குகிறவளுக்கு மாதச் சம்பளம் வேண்டும். வெற்றிப் பரிசை நம்பி அவள் உயிர் வாழ முடியாது. அணித் தந்திரம் என்பது அந்தச் சம்பளத்துக்குப் பிறகே முழுமையாகச் சாத்தியமாகிறது.

இதற்கு எதிர்வாதமாக 2021 டோக்கியோ ஒலிம்பிக்கைச் சொல்வார்கள். நெதர்லாந்து அணியில் வான் ஃப்ளூட்டன், வான் டெர் பிரெகன், வோஸ், வோலரிங் என்று நான்கு பேர். நால்வருமே வெல்லக்கூடியவர்கள். அவர்களை வென்றவர் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லாதவர். ஒலிம்பிக்கில் காதில் வானொலி கிடையாது. முன்னே ஓடியவர்களில் இருவரைப் பிடித்ததும் எல்லோரையும் பிடித்துவிட்டதாக நெதர்லாந்து அணி எண்ணியது. வான் ஃப்ளூட்டன் கைகளை உயர்த்தியபடி கோட்டைக் கடந்தார். அப்போது கீசன்ஹோஃபர் வந்து சேர்ந்து 75 விநாடிகள் ஆகியிருந்தன.

தனியொருத்தி அணியை வென்ற கதையாக இதைச் சொல்வது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீசன்ஹோஃபரும் 137 கிலோமீட்டர் பந்தயத்தில் 90 கிலோமீட்டருக்கு மேல், தன்னோடு பிரிந்து வந்த பிற நாட்டுப் பெண்களுடன் காற்றை மாறி மாறி வாங்கிக்கொண்டே ஓட்டினார். அந்நியர்களோடு அவருக்கு வழியில் ஓர் அணி அமைந்தது. நான்கு தலைவிகள் இருந்த அணியிலோ முன்னால் நின்று துரத்தும் வேலை யாருக்கும் உரியதாக இல்லை.

நம் ஊருக்கு வருவோம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போதைய ஆட்சியர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கி, நடுக்கம்பியில் குழந்தையை உட்கார வைத்து ஓட்டினார்கள். அங்கே பரிசுக்கோடு எதுவும் இல்லை. ஆனால் எதிர்க்காற்று இருந்தது. கேலியும் வசையுமாக அது வீசியது. ஒருத்தி தனியாக ஓட்டியிருந்தால் மறுநாளே சைக்கிள் திண்ணையில் சாத்தப்பட்டிருக்கும். கற்றவள் அடுத்தவளுக்குக் கற்றுக்கொடுத்து, கூட்டமாகத் தெருவில் இறங்கியதால்தான் அது நிலைத்தது. முதலில் இறங்கியவள் பெரும்பகுதி வசையை வாங்கிக்கொண்டாள். பின்னால் வந்தவர்களுக்கு அது குறைந்தது. பின்னால் ஆட்கள் வந்ததால் அவளுக்கும் கொஞ்சம் குறைந்தது.

2001-இல் தமிழக அரசு, பள்ளியில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் தரத் தொடங்கியது. பின்னர் அது பிற பிரிவினருக்கும் மாணவர்களுக்கும் விரிந்தது. புதுக்கோட்டைச் சாலையில் முதலில் இறங்கிய பெண்களின் பெயர்கள் அரசாணை எதிலும் இருக்க வாய்ப்பில்லை.

குடிகாட்டுச் சாலையில் அன்று பார்த்த நால்வரும் ஆலைச் சுவர் முடியும் இடம் வரை இருமுறை இடம் மாறினார்கள். பள்ளிக்கு நால்வரும் ஒரே நேரத்தில்தான் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.