கத்தி உறையும் நம் தோல் தொழிலும்

எங்கள் வீட்டில் ஒரு பழைய கத்தி உறை இருக்கிறது. பாட்டனார் திண்டுக்கல்லிலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பலேறியபோது கொண்டுவந்தது. தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருந்த காலம் முழுவதும் அவருடைய கத்தி இதில்தான் இருந்தது. 1915இல் கட்டப்பட்ட அந்தச் சந்தை 1982இல் சாலைக்கு எதிர்ப்புறக் கட்டடத்துக்கு மாறியது. கடையும் கத்தியும் போயின. உறை மட்டும் மிஞ்சியது. சென்ற ஆண்டு அதன் தையல் விட்டுப்போனது. தோல் பைகளும் இடுப்புவார்களும் விற்பவர்கள் என்பதால் நாங்களே தைத்துவிடலாம் என்று பிரித்தோம்.

இரண்டு தோல்களுக்கும் நடுவே, தையல் ஓரமாக, விரல் அகலத்தில் மூன்றாவதாக ஒரு தோல் பட்டை இருந்தது. தேவையில்லாத அடைப்பு என்று நினைத்து அதை எடுத்துவிட்டுத் தைத்தோம். ஒரு கத்தியைச் செருகி எடுத்துப் பார்த்ததில், சில நாட்களிலேயே அதன் முனை நூலை அறுத்துவிட்டது. அந்தப் பட்டைதான் கத்தியின் கூர்மையைத் தாங்கித் தையலைக் காத்திருக்கிறது. பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்ற எங்களுக்கு அதைத் தைத்தவர் நடத்திய பாடம் அது.

அந்தத் தோலுக்கும் ஒரு வரலாறு உண்டு. திண்டுக்கல், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, முடியும் கொழுப்பும் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் பதனிட்டார்கள். வெயிலில் சிவந்துபோகாமல் இருக்க இறுதியில் கடுக்காய் நீரில் நனைத்தார்கள். முதல் உலகப்போரின்போது பிரிட்டிஷ் இராணுவத்தின் பூட்சுகளுக்கு இவ்வகை மாட்டுத்தோல் சென்னை மாகாணத்திலிருந்து பெருமளவில் வாங்கப்பட்டது.

1903இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் உப்பால் பதனிடும் முறையைத் தொடங்கினார். அம்முறையில் வேலை விரைவில் முடியும். தோலும் மென்மையாக இருக்கும். ஆனால் கத்தி உறைக்குப் பட்டையில் பதனிட்ட தடித்த மாட்டுத்தோலே ஏற்றது. அதை நனைத்து, கத்தியை எண்ணெய்த்தாளில் சுற்றி உள்ளே வைத்து, விரலால் அழுத்தி நிழலில் உலர்த்தினால் கத்தியின் வடிவம் தோலிலேயே நின்றுவிடும். குரோம் தோல் அப்படி நிற்பதில்லை. எங்கள் உறையில் பாட்டனாரின் கத்தியுடைய வளைவு இன்றும் அப்படியே தெரிகிறது.

தோலைத் தொடுவது இழிவு என்று சாதிச் சமூகம் ஒதுங்கியது. பதனிட்ட தோல் தூய்மையானது என்பது நம் மார்க்கச் சட்டம். ஆகவே முஸ்லிம் வணிகர்கள் அந்தத் தொழிலில் தயக்கமின்றி இறங்கினார்கள். நாமும் அதைப் பெருமையாகச் சொல்லி வருகிறோம். ஆனால் சுண்ணாம்புக் குழியில் இறங்கிக் கால் வெந்தவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களின் வாழ்வையும் போராட்டத்தையும் டி. செல்வராஜ் 'தோல்' என்ற நாவலாக எழுதினார். அதற்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

எங்கள் வீட்டிலும் "நாம் தோல் வணிகர் குடும்பம்" என்றே சொல்லி வளர்த்தார்கள். உறையைப் பிரித்த அன்று அத்தாவிடம் கேட்டோம். "உங்க தாத்தா வியாபாரியெல்லாம் இல்லப்பா. தோல் மண்டியில கணக்கு எழுதினவரு. அங்க வேலை பார்த்த ஒருத்தர், ஊரை விட்டுப் போறாரேன்னு தச்சுக் கொடுத்தது இது" என்றார். அவர் பெயர் என்ன என்று கேட்டோம். அத்தாவுக்குத் தெரியவில்லை. பாட்டனாரிடம் கேட்க வேண்டும் என்று அவருக்கும் ஒருநாளும் தோன்றவில்லையாம்.

இந்தப் பொன்விழா மலரில் நம் முன்னோர் பலரின் பெயர்கள் இடம்பெறுகின்றன. எங்கள் பாட்டனாரின் பெயரும் அவற்றுள் ஒன்று. அவருக்கு உறை தைத்தவரின் பெயரை மட்டும் எங்களால் சேர்க்க முடியவில்லை. உங்கள் வீட்டிலும் ஊரிலிருந்து வந்த பெட்டியோ உரலோ தராசோ இருக்கும். அதைச் செய்தது யார், கொடுத்தது யார் என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

உறையை மறுபடியும் பிரித்து, பழைய பட்டையை அதே இடத்தில் வைத்து, தேன்மெழுகு பூசிய நூலில் இரண்டு ஊசி கொண்டு தைத்துவிட்டோம். அவர் போட்ட துளைகளின் வழியாகவே தைத்தோம். புதிதாக ஒரு துளைகூடத் தேவைப்படவில்லை.