முதல் காமிக்ஸ் வரையப் போறீங்களா? பாதியிலேயே நின்னு போறதுக்கு இதெல்லாம்தான் காரணம்!

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு ஹீரோ படமாவது வரையாதவர்கள் குறைவுதான். இப்போது அதற்கு நோட்டுகூட வேண்டாம். செல்போனும் ஒரு வரையும் செயலியும் இருந்தாலே காமிக்ஸ் வரைய ஆரம்பித்துவிடலாம். அனிமே, மாங்கா மோகமும் சேர்ந்துகொள்ள, சொந்தமாக ஒரு காமிக்ஸ் போட்டே தீருவது என்று களமிறங்கும் இளைஞர்கள் நிறைய பேர். முதல் மூணு பக்கம் ஜோரா வரும். நாலாவது பக்கத்தில் கதை அந்தரத்தில் தொங்கும். அதோடு அந்த ஃபோல்டரை யாரும் திறப்பதில்லை.

சரியா வரையத் தெரியாததுதான் காரணம்னு பலரும் நினைக்கிறாங்க. பெரும்பாலும் அது காரணமே இல்லை. எங்கேதான் சறுக்குகிறது?

முதல் கதையே 'ஒன் பீஸ்' சைஸிலா?

இருப்பதிலேயே பெரிய தப்பு இதுதான். முதல் காமிக்ஸையே பத்து பாகம், மூன்று சாம்ராஜ்யம், நாற்பது கதாபாத்திரம் என்று திட்டமிடுவது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கல்லூரிக்கும் வேலைக்கும் நடுவே வாரம் ஒரு பக்கத்தை முழுசாக முடித்தால், புதியவருக்கு அதுவே நல்ல வேகம். அப்படிப் பார்த்தால் வருடத்துக்கு 52 பக்கம். 200 பக்கக் கதை முடிய ஏறக்குறைய 4 வருடம் ஆகும். முக்கியமான சண்டைக்காட்சி 120ஆம் பக்கத்தில்தான் வருகிறது என்றால், அதை வரையும் நாளுக்காக இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். வாசகரை விடுங்க, வரையுறவருக்கே அவ்வளவு பொறுமை இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆசையைக் கிளப்பிவிடும் பெரிய தொடர்களே இப்படித் தொடங்கவில்லை. 'ஒன் பீஸ்' தொடர் 1997இல் வெளிவரத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1996இல், ஐச்சிரோ ஓடா 'ரொமான்ஸ் டான்' என்ற தனிக்கதையாக லூஃபியை வரைந்து பார்த்துவிட்டார். 'நருட்டோ'வும் அப்படித்தான். தொடர் வந்தது 1999இல், மசாஷி கிஷிமோட்டோ அதை ஒரு தனிக்கதையாக வெளியிட்டது 1997இல். அந்தக் கதையில் நாம் பார்த்துப் பழகிய நிஞ்ஜா உலகமே கிடையாது! இப்படி ஒரே மூச்சில் வாசித்து முடிக்கும் தனிக்கதைக்கு ஜப்பானில் 'யோமிகிரி' என்று பெயர். புதியவர்கள் பலர் கைப்பழக்கம் பெறுவதும் அங்கேதான், பத்திரிகைகள் அவர்களை எடைபோடுவதும் அங்கேதான்.

அமெரிக்காவிலும் இதற்கு ஓர் அழுத்தமான உதாரணம் உண்டு. நாஜி வதைமுகாமில் இருந்து பிழைத்த தன் தந்தையின் கதையை எலிகளாகவும் பூனைகளாகவும் வரைந்த ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்', 1992இல் சிறப்பு புலிட்சர் விருது பெற்றது. ஆனால் 1972இல் அது முதன்முதலில் வெளியானபோது அதன் நீளம் வெறும் 3 பக்கம். அந்த மூன்று பக்கம் அவரிடம் முடிந்து கையில் இருந்தது. பெரிய புத்தகம் அதற்குப் பிறகு பல வருடங்களில் வளர்ந்தது.

எனவே முதல் முயற்சிக்கு 4 பக்கம் அல்லது 8 பக்கம் போதும். ஓர் இடம், இரண்டு பேர், ஒரு பிரச்னை. பஸ்ஸில் சில்லறைக்காக நடக்கும் ஒரு தகராறு எட்டுப் பக்கத்துக்குத் தாராளமாகத் தாங்கும். அதிலும் கதையைத் தகராறில் இருந்தே தொடங்குங்கள். அலாரம் அடித்து, ஹீரோ எழுந்து, பல் தேய்த்து, இட்லி சாப்பிட்டு, பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் பாதிப் புத்தகம் தீர்ந்துவிடும்.

சரி, மனசுல இருக்குற அந்த மூணு சாம்ராஜ்யக் கதையை என்ன பண்றது? அதில் ஒரு காவலாளிக்கு ஒரு ராத்திரியில் நடப்பதை மட்டும் எடுத்து வரையலாம்.

பழைய பக்கத்தைத் திருத்திக்கொண்டே இருப்பது

இதையும் பலர் தப்பு என்றே உணர்வதில்லை. பத்தாவது பக்கம் வரைந்து முடிக்கும்போது கை நன்றாகத் திருந்தியிருக்கும். திரும்பிப் பார்த்தால் முதல் பக்கம் அசிங்கமாகத் தெரியும். உடனே அதை மறுபடி வரையத் தோன்றும். மறுபடி பத்தாவது பக்கத்துக்கு வரும்போது கை இன்னும் திருந்தியிருக்கும். இந்தச் சுழலுக்கு முடிவே இல்லை.

டின்டின் கதைகளை உருவாக்கிய எர்ஜே, ஆரம்பகாலக் கறுப்பு வெள்ளை ஆல்பங்களைப் பின்னாளில் வண்ணத்தில் மறுபடி வரைந்தார். ஆனால் 1929இல் தொடங்கிய முதல் கதையான சோவியத் பயணத்தை மட்டும் அப்படி மாற்றி வரையவில்லை. அந்தக் கதை இன்றும் ஆரம்பகாலக் கோடுகளோடுதான் கிடைக்கிறது. அவரும் மறுபடி வரைந்தவர்தானே என்று கேட்கலாம். வரைந்தார், ஆனால் எல்லாம் முடிந்து புத்தகமாக வெளிவந்து பல வருடம் கழித்து.

வரையத் தெரியலையே என்ற பயம்

இதற்கு ஒரே பதில் 'ஒன் பன்ச் மேன்'. ஒன் என்ற புனைபெயரில் எழுதுபவர் 2009இல் இணையத்தில் வெளியிட்ட மூலக் கதையின் படங்களைப் பார்த்தால் பள்ளிக்கூட நோட்டு நினைவுக்கு வரும். கதை பிடித்துப்போய் கூட்டம் சேர்ந்தது. தேர்ந்த ஓவியரான யூசுகே முராட்டா 2012இல் அதை மறுபடி வரையத் தொடங்கினார். அனிமே 2015இல் வந்தது.

ஓவியம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. எளிமையாக வரையலாம், ஆனால் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது புரிய வேண்டும். முன்பக்கம் பார்த்த முகத்தை மட்டும் கட்டத்துக்குக் கட்டம் வரைந்துகொண்டே போவது புதியவர்களின் வழக்கம். கை வரைவது கஷ்டம் என்று எல்லாரையும் பாக்கெட்டில் கைவிட வைப்பது இன்னொன்று. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கட்டத்திலாவது இடம் முழுசாகத் தெரியட்டும். கடை எங்கே, தெரு எங்கே, ஆள் எங்கே என்று வாசகருக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால் அடுத்த நாலு கட்டத்துக்குப் பின்னணி இல்லாமலே ஓட்டிவிடலாம்.

நேரடியாக ஃபைனல் பக்கத்தில் உட்காருவது

ஜப்பானில் மாங்கா வரைபவர்கள் மை தொடுவதற்கு முன் 'நேம்' என்ற ஒன்றைத் தயார் செய்வார்கள். குச்சி மனிதர்கள், கோணல் கட்டங்கள், வசனம் மட்டும் தெளிவாக. அவ்வளவுதான். பத்திரிகை ஆசிரியர் அதை வாசித்துச் சரி சொன்ன பிறகே அசல் பக்கம். புதியவர்கள் தாண்டிப் போகும் கட்டம் இது. எட்டுப் பக்கத்தையும் ஒரே தாளில் தீப்பெட்டி அளவில் கிறுக்கிப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். ஆறாம் பக்கத்தில் கதை இழுக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். மூன்று வாரம் வரைந்த பிறகு தெரிந்தால் அழுகைதான் வரும்.

இன்னொரு பலனும் உண்டு. அச்சுப் புத்தகத்தில் திடுக்கிட வைக்கும் காட்சி வலது பக்கத்தில் வந்தால், இடது பக்கத்தைப் படிக்கும்போதே கண் அங்கே போய்விடும். சஸ்பென்ஸ் காலி! பக்கத்தைப் புரட்டியதும் தெரியும் இடது பக்கத்தில், அதாவது இரட்டைப்படை எண் பக்கத்தில், அதை வைக்க வேண்டும். கிறுக்கல் நிலையில் இதை மாற்றுவது சுலபம்.

யார் முதலில் பேசுகிறார்?

மாங்கா வலமிருந்து இடமாகப் போகும், தமிழ் இடமிருந்து வலம். மாங்காவையே பார்த்துப் பழகியவர்கள் தமிழ்க் காமிக்ஸிலும் ஆட்களை மாற்றி நிறுத்திவிடுகிறார்கள். டீக்கடைக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். "அண்ணே, ரெண்டு டீ" என்று பையன் கேட்கிறான். "சர்க்கரை கம்மியாவா தம்பி?" என்று கடைக்காரர் கேட்கிறார். படத்தில் கடைக்காரர் இடது பக்கம், பையன் வலது பக்கம் என்று வரைந்துவிட்டால், வாசகர் முதலில் சர்க்கரையைப் படிப்பார், பிறகு டீயை. பலூனை மேலே கீழே நகர்த்தி, வாலை நீட்டி ஒட்டுப்போடலாம். ஆனால் வால்கள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும். முதலில் பேசுபவரை முதலிலேயே இடது பக்கம் நிறுத்தியிருந்தால் இந்த வேலையே இல்லை.

தமிழுக்கு பலூன் பத்தாது!

ஆங்கிலத்தில் இருக்கும் வழிகாட்டி வீடியோக்கள் இதைச் சொல்லித் தராது. ஆனால் தமிழில் முதல் காமிக்ஸ் செய்பவர்களின் பக்கம் பார்ப்பதற்கு மோசமாக இருக்க முக்கியக் காரணம் இதுதான். படத்தையெல்லாம் வரைந்து, வண்ணம் தீட்டி முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் வசனத்தைத் திணிப்பது.

ஆங்கிலக் காமிக்ஸில் பக்கத்துக்கு ஆறு கட்டம் என்றால் ஒரு கட்டத்துக்கு 35 வார்த்தை, ஒரு பலூனுக்கு 25 வார்த்தை தாண்டக் கூடாது என்ற பழைய கணக்கை ஆலன் மூர் சொல்லியிருக்கிறார். அதை அப்படியே தமிழுக்கு வைத்துக்கொண்டால் படம் தெரியாது. நம் சொற்கள் ஒட்டி ஒட்டி நீளும். "போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்பது ஒரே சொல். ஒல்லியான பலூனில் அது எந்தப் பக்கமும் நுழையாது. உயரத்திலும் சிக்கல் உண்டு. ஆங்கிலக் காமிக்ஸில் பெரும்பாலும் பெரிய எழுத்து மட்டுமே வருவதால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். தமிழில் மேலே 'கி'யின் வளைவு ஏறும், கீழே 'கு'வின் சுழி இறங்கும். வரிகளுக்கு நடுவே கூடுதல் இடம் விடாவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

இந்த வித்தையைக் கற்க முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் பழைய இதழ்களைப் புரட்டினாலே போதும். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி' பிரிட்டனில் இருந்து வந்த கதை. டெக்ஸ் வில்லர் இத்தாலிக்காரர். வேற்றுமொழிக்கு அளவெடுத்துத் தைத்த பலூனுக்குள் தமிழை உட்கார வைத்த அனுபவம் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. சொந்தமாக வரைபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வசனத்தை முதலில் எழுதி, அதற்கு ஏற்ற பலூனை முதலில் போட்டு, பிறகு ஆளை வரையலாம்.

வசனத்தைப் பேச்சுத் தமிழில் எழுதினாலே பாதிப் பிரச்னை தீரும். "நான் வந்துகொண்டிருக்கிறேன்" என்பது "வந்துட்டிருக்கேன்" ஆகும்போது இடமும் மிச்சம், பேசுவது மாதிரியும் இருக்கும். யார் பேசுகிறார்கள் என்பதே வட்டார வழக்கில் தெரிந்துவிடும். சொல்லை உடைத்தே ஆக வேண்டும் என்றால், அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "பக்கம்" என்பதை "பக்-கம்" என்று உடைக்கலாம், "ப-க்கம்" என்றால் கண் தடுக்கும்.

சத்தத்துக்கும் அதே கதைதான். கதவு சாத்தினால் 'பேங்', வெடித்தால் 'பூம்' என்று எழுதுகிறார்கள். படார், டமார், பளார், சரக், தொப்... இரட்டைக்கிளவிக்கே தனி இலக்கணம் வைத்திருக்கும் மொழியில் சத்தத்துக்கா பஞ்சம்?

சில செயலிகளில் தமிழைத் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி விழும். ஃபோட்டோஷாப்பில் இது பெரும்பாலும் டைப் செட்டிங் பிரச்னை. இந்திய மொழிகளுக்கான தேர்வை ஆன் செய்தால் சரியாகிவிடும். சரியாகாத செயலி என்றால் கையாலேயே எழுதிவிடலாம், அதற்கும் தனி அழகு உண்டு.

படம் சொன்னதையே வசனமும் சொல்வது

படத்தில் ரவி கதவைத் திறக்கிறான். மேலே பெட்டியில் "ரவி கதவைத் திறந்தான்". பலூனில் "கதவைத் திறந்து பார்ப்போம்". மூன்றில் இரண்டு தேவையில்லை. பெட்டியில் எழுத வேண்டுமென்றால் படத்தில் தெரியாததை எழுதலாம். "இந்த வீட்டுக்கு அவன் வந்து ஆறு வருஷமாச்சு" என்றால் அதே கதவுக்கு வேறு கனம் வந்துவிடும்.

பிரஸ்ஸுக்குப் போகும் முன்...

காசு போகும் இடம் என்பதால் இதில் அலட்சியம் கூடாது. வண்ணப் பக்கத்தை அச்சிடும் அளவில் 300 டிபிஐயிலும், கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்தை 600 டிபிஐயிலும் தொடங்க வேண்டும். குறைவாகத் தொடங்கிவிட்டுக் கடைசியில் எண்ணை மட்டும் ஏற்றினால் கோடு மங்கலாகவே வரும். திரையில் பளிச்சென்று மின்னும் பச்சையும் நீலமும் அச்சில் சுருதி இறங்கிவிடும். திரைக்கு ஆர்ஜிபி, அச்சுக்கு சிஎம்ஒய்கே என்று நிறக் கணக்கே வேறு. வசன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் இருக்கட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பு என்றால், தாள் ஒரு இழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிழல் அடிக்கும். ஓரம் வரை படம் போகும் பக்கத்தில் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்து வைக்க வேண்டும், வெட்டும்போது அது போய்விடும். பலூனை ஓரத்துக்குக் கொண்டுபோனால் வசனமும் சேர்ந்தே போகும்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 8 பக்கக் கதைக்கு இரண்டு ஏ4 தாள் போதும். ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து மடித்து, பக்க எண்களைப் பென்சிலால் எழுதிவிட்டுப் பிரித்துப் பாருங்கள். வெளித்தாளில் 8க்குப் பக்கத்தில் 1 இருக்கும், அதன் பின்னால் 2ம் 7ம் இருக்கும். உள்தாளில் ஒருபுறம் 6ம் 3ம், மறுபுறம் 4ம் 5ம். இரண்டு பக்கத்துக்கு விரியும் பெரிய படம் ஏதாவது இருந்தால், அது 4லும் 5லும் வருவதுதான் பாதுகாப்பு, ஏனென்றால் ஒரே தாளில் சேர்ந்தாற்போல் அச்சாகும் பக்கங்கள் அவை மட்டும்தான்.