பஞ்சமும் சான்றும்: பண்டித ரமாபாயின் தன்வரலாற்றில் இருளும் ஒளியும்

கிறித்தவ சமயத் தழுவலை எடுத்துரைக்கும் தன்வரலாறுகளுக்குப் பொதுவானதோர் அமைப்பு உண்டு. கதை இருளில் தொடங்கும், திருமுழுக்கில் ஒளி தோன்றும், அத்துடன் நிறைவுறும். பண்டித ரமாபாய் (1858–1922) 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய சான்றுரையும் மேலோட்டமாகப் படிப்பார்க்கு அவ்வகையினதாகவே தோன்றும். எனினும், அந்நூல் தரும் காலக்குறிப்புகளை வரிசைப்படுத்திப் பார்ப்பின் அவ்வமைப்பு பொருந்தி வரவில்லை. ஒளி எப்போது வந்தது என்னும் வினாவிற்கு ரமாபாய் தரும் விடை வேறு. அவ்விடையை அவர் கண்ட பஞ்சங்களோடு இணைத்து ஆராய்வது இக்கட்டுரை.

ரமாபாயின் தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே, ஊர் எதிர்த்தும் மனைவி இலட்சுமிபாய்க்கு வடமொழி கற்பித்தவர். குடும்பம் ஊர் ஊராகச் சென்று கோயில்களிலும் ஆற்றங்கரைகளிலும் புராணம் வாசித்துப் பிழைத்தது. சென்னை மாகாணத்தில் அவர்கள் திரிந்துகொண்டிருந்தபோது பஞ்சம் தலைகாட்டியது. பிற்காலத்தார் சிலர் இதனைத் தாது வருடப் பஞ்சத்தோடு (1876–78) இணைத்து எழுதுவர். தமக்கு அப்போது வயது பதினாறு என்று ரமாபாய் கூறுவதால் 1874ஆம் ஆண்டைக் கொள்வதே பொருத்தமாகும். தாது வருடத்திற்கு முன்னரே விளிம்பு நிலைக் குடும்பங்கள் சில வீழத் தொடங்கிவிட்டன என்பதற்கு இஃதொரு சான்று.

கைப்பொருள் தீர்ந்தது; பாத்திரங்களும் விலைபோயின. இரந்துண்ணக் குலப்பெருமை இடந்தரவில்லை. கூலி வேலை செய்யவோ அவர்கள் பழகியிருக்கவில்லை. திருப்பதி மலையை அடுத்த காட்டிற்குள் உயிர்விடும் எண்ணத்துடன் சென்றனர். பதினொரு நாள் நீரும் இலையும் ஒரு பிடி காட்டு ஈச்சம்பழமுமே உணவு. முதுமையால் பார்வையும் மங்கிப்போன தந்தையார், புனிதக் குளம் ஒன்றில் இறங்கி உயிர்விடத் துணிந்தார். மகன் சீனிவாசன், குலப்பெருமையை விடுத்துக் கூலி வேலைக்குச் செல்வதாகக் கூறி அவரைத் தடுத்தார். ஆயினும் சில நாள்களில் தந்தையார் இறந்தார். அடுத்துத் தாயார். தாயாரின் உடலைச் சுமக்க அந்தணர் இருவர் மட்டுமே முன்வந்தனர். மகனும் மகளும் மற்றிரு முனைகளைத் தாங்கினர். உயரம் குறைந்தவராதலின் ரமாபாய் தம் பங்கைத் தலையில் சுமந்தார். சில திங்களில் தமக்கையும் மாண்டார்.

இந்நிகழ்ச்சிகளை ரமாபாய் இருமுறை எழுதியுள்ளார் என்பதை ஆய்வாளர் கருத்திற்கொள்ள வேண்டும். முதன்முறை 1897இல், மத்திய மாகாணப் பஞ்சத்திலிருந்து பெண்குழந்தைகளை மீட்டுக்கொண்டிருந்த வேளையில்; இரண்டாம் முறை 1907இன் சான்றுரையில். இரண்டும் நம்பிக்கை வேரூன்றியபின் எழுதப்பட்டவை. கையிருப்பையெல்லாம் வழிபாட்டிலும் தானத்திலும் செலவழித்ததே பட்டினிக்குக் காரணம் என்னும் கடுமையான கணிப்பு, பிற்கால நோக்கிலிருந்து பிறந்தது. 1887இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலை அவர் தாயாரின் நினைவிற்கே காணிக்கையாக்கினார் என்பதையும் அக்கணிப்பின் அருகில் வைத்தே படித்தல் வேண்டும். பெற்றோரின் வழியை மறுத்தவர் பெற்றோரை மறுக்கவில்லை.

பஞ்சத்திற்குப் பின் அண்ணனும் தங்கையும் நாட்டின் பெரும்பகுதியைக் கால்நடையாகவே கடந்து 1878இல் கல்கத்தாவை அடைந்தனர். அங்கு ‘பண்டிதா’, ‘சரசுவதி’ என்னும் பட்டங்கள் கிடைத்தன. 1880இல் அண்ணனும், 1882இல் கணவர் விபின் விகாரியும் மறைந்தனர். கணவரோடு அசாமின் சில்சாரில் வாழ்ந்த நாளில் வீட்டு நூல்களிடையே வங்காளியில் அச்சான லூக்கா நற்செய்தியை ரமாபாய் கண்டெடுத்தார். 1883 செப்டம்பர் 29இல் இங்கிலாந்தின் வாண்டேஜில் மகள் மனோரமாவுடன் திருமுழுக்குப் பெற்றார்.

வழக்கமான சான்றுரையாயின் இங்கே ஒளி தோன்றியிருக்கும். ரமாபாயோ, அன்று தமக்குக் கிறித்தவ சமயம் கிடைத்ததேயன்றிக் கிறித்து கிடைக்கவில்லை என்னும் கருத்துப்பட எழுதுகிறார். திரித்துவக் கோட்பாடு குறித்து ஆங்கிலத் துறவுச் சகோதரியரோடு அவர் நடத்திய கடித வழக்காடல் நெடியது. இந்து சமயத்தில் தம் அறிவைப் பிறரிடம் ஒப்படைக்க மறுத்தவர், திருச்சபையிலும் அதனை ஒப்படைக்க இசையவில்லை. தாம் தேடியது கிட்டியதாக அவர் குறிப்பது எட்டாண்டுகள் கழித்து, 1891இல். அப்போது அவர் படித்த நூல் வில்லியம் ஹாசுலம் என்னும் ஆங்கிலக் குருவின் தன்வரலாறு. பல்லாண்டு குருப்பணியாற்றியும் உள்ளத்தில் மாற்றம் காணாத ஹாசுலம், தம் மறையுரையின் நடுவே தாமே மனம் மாறியவர். அந்நூல் ரமாபாயைத் தைத்ததில் வியப்பில்லை.

1891இற்குப் பின்னரும் இருள் அகன்றுவிடவில்லை. 1889இல் தொடங்கிய சாரதா சதனத்தின் மாணவியர் அவருடைய வழிபாட்டில் பங்கேற்றதை ஒட்டி 1893இல் பூசல் எழுந்தது. இந்து ஆலோசகர்கள் விலகினர். மாணவியர் பலர் திரும்ப அழைத்துக்கொள்ளப்பட்டனர். பெண்கல்வி என்ற பொதுத்தளத்தில் சமயம் நுழைந்தது பற்றி அன்று எழுந்த ஐயத்தை வெறும் பகைமை என ஒதுக்குதல் முறையாகாது. வாக்களித்த நடுநிலைக்கும் கண்டடைந்த நம்பிக்கைக்கும் இடைப்பட்ட அச்சிக்கலை ரமாபாய் முழுமையாகத் தீர்த்தார் என்றும் கூறவியலாது.

1896–97இல் மத்திய மாகாணத்தைப் பஞ்சம் பற்றியபோது, பஞ்ச காலத்தில் துணையற்ற பெண்ணுக்கு என்ன நேரும் என்பதை ரமாபாய் ஏட்டில் படித்தறிய வேண்டியிருக்கவில்லை. தாமே நேரில் சென்று, ஏறத்தாழ முந்நூறு சிறுமியரையும் இளம்பெண்களையும் அழைத்து வந்தார். புனேயில் கொள்ளைநோய் பரவியிருந்தமையால் கேட்காவ் பண்ணையே அவர்களுக்கு இருப்பிடமாயிற்று. அதுவே ‘முக்தி’ என்று பெயர் பெற்றது. வடமொழி வேதாந்தத்தின் மையச்சொல்லையே தம் கிறித்தவ இல்லத்திற்கு அவர் சூட்டியது எண்ணத்தக்கது. கொள்ளைநோய் மருத்துவமனைகளில் பெண்கள் நடத்தப்பட்ட முறையை 1897இல் இதழில் கண்டித்து எழுதி அரசின் சினத்திற்கும் ஆளானார். குசராத்துப் பஞ்சத்தின் பின் 1900அளவில் முக்தியில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 1,900 பேர்.

இறுதிக்காலப் பணி மொழி சார்ந்தது. வழக்கிலிருந்த மராத்தி விவிலியம் எழுத்தறியத் தொடங்கிய எளிய பெண்களுக்கு எட்டாத வடமொழி நடையிலிருப்பதாகக் கருதிய ரமாபாய், எபிரேயமும் கிரேக்கமும் பயின்று தாமே மொழிபெயர்க்கத் தொடங்கினார். இறைவனைக் குறிக்க பப்ரீசியுசு ‘பராபரன்’ என்றும், பவர் குழுவினர் ‘தேவன்’ என்றும் வழங்கிய வரலாற்றை அறிந்த தமிழாய்வாளர்க்கு, சமயச்சொல் பற்றிய இத்தகைய தயக்கம் புதிதன்று. வடமொழிப் புலமையால் பட்டம் பெற்றவரே அம்மொழிச் சொற்களைத் தேர்ந்து விலக்கினார் என்பது மட்டும் இங்குப் புதுமை.

1921 சூலையில் மனோரமா இறந்தார். பெற்றோர், தமக்கை, அண்ணன், கணவர் என இழப்புகளின் வரிசையில் இதுவே கடைசி. ரமாபாய் மொழிபெயர்ப்பை நிறுத்தவில்லை. இறப்பதற்குச் சற்று முன்னர்தான் அச்சுப்படித் திருத்தத்தை முடித்தார் என்பது முக்தியில் வழங்கும் செய்தி. அடியார் மரபின் சாயல் அதில் இருக்கலாம். 1922 ஏப்பிரல் 5இல் அவர் மறைந்தார். முழு விவிலியம் 1924இல், பஞ்சத்தில் மீட்கப்பட்ட பெண்கள் எழுத்துக்கோத்துப் பழகிய முக்தி அச்சகத்திலிருந்தே வெளிவந்தது.